கறிக்குத் தந்த மீனும் கந்தோர்க் கோலும்

1

"உங்கை வேலையில்லாட்டியும் காசு குடுப்பாங்களாமே?"

யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் ஊர் குருநகருக்குப் போன் எடுத்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். ஓம், கொடுப்பார்கள். இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் காசு எப்படி வருகிறது, அது வந்து சேருவதற்குள் மனிசனுக்கு என்னவெல்லாம் நடக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்காவது போய், ஆறுதலாகத் திரும்பி வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது நோர்வேயின் வடக்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்ன ஊர். மாரியில், இங்கத்தைக் குளிர்காலத்தில், கிட்டத்தட்ட இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. மத்தியானத்தில் வானம் கொஞ்சம் நீலமாகும், பிறகு இருட்டிவிடும். வந்த புதிதில் இங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் மீன் பக்ரறியில்தான் வேலை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். நானும் என் மனிசி றீற்றாவும் இருந்துவிட்டோம். கடல் தெரிகிற இடத்தை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேலே அந்தப் பக்ரறியில் நின்று மீன் வெட்டினேன். என் அண்ணை சவிரிமுத்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"பிளேன் ஏறிப் போய் மீன் வெட்டுறியோ? உதை இஞ்சை சந்தையிலை இருந்தே வெட்டியிருக்கலாமேடா."

"இஞ்சை கை விறைக்க விறைக்க வெட்டவேணும் அண்ணை. அதுக்குத்தான் காசு."

"அப்ப விறைக்கிறதுக்குத்தான் சம்பளம் எண்டு சொல்லு."

போன வருஷம் மீன் வரத்துக் குறைந்தது. பிடிக்க விடுகிற அளவையும் அரசாங்கம் குறைத்துவிட்டது. ஒருநாள் காலைத் தேத்தண்ணி நேரம் முதலாளி எங்களைக் கூட்டி வைத்து, கொஞ்சக் காலத்துக்கு வீட்டில் இருங்கள், மீன் வந்ததும் கூப்பிடுகிறேன், அதுவரைக்கும் அரசாங்கம் காசு தரும் என்றார். நல்ல மனிசன். சொல்லும்போது முகத்தைக் கவிழ்த்துக்கொண்டுதான் சொன்னார். என் கத்தியைக் கழுவித் துடைத்து, மேலங்கியைக் கழற்றிக் கொழுவிவிட்டு வந்தேன். அதுக்குப் பிறகு கூப்பிடவில்லை.

2

வேலையில்லாக் காசு கேட்டு எழுதுவதெல்லாம் இப்போது கொம்பியூட்டரில்தான். அந்தக் காசைத் தருகிற அரசாங்க அலுவலகத்தை நாங்கள் கந்தோர் என்போம். ஒஸ்லோவில் இருக்கிற என் மகள் மெலனி அங்கே இருந்தபடியே எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். அவள் கேட்பாள், நான் போனில் சொல்லுவேன். எனக்கு நோர்வேச் சொல் வராது, அவளுக்குத் தமிழ்ச் சொல் வராது.

"அப்பா, இனி ரெண்டு கிழமைக்கு ஒருக்கா நீங்களே பதில் குடுக்கவேணும். நாலைஞ்சு கேள்விதான். வேலை செய்தனீங்களோ, வருத்தமோ, வெளிநாடு போனனீங்களோ எண்டு கேக்கும். எல்லாத்துக்கும் 'இல்லை'தான். விளங்குதா?"

"உண்மையாப் போனால்?"

"போகேலாது அப்பா. கேக்காமப் போனா எல்லாம் நிண்டிடும். திருப்பி முதல்லயிருந்து துவங்கவேணும்."

அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எங்கே போகப்போகிறேன் என்று நினைத்தேன். அடுத்த மாதமே ஊரில் அண்ணைக்கு வருத்தம் முற்றிவிட்டது. சலரோகம், அந்தச் சர்க்கரை வருத்தம், முதலில் ஒரு காலை எடுத்தது, பிறகு கிட்னியில் பிடித்தது. பெரியாஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கித் திரிந்தார்கள். அண்ணையின் மகன் றெஜி வீடியோவில் காட்டினான். கரைவலை இழுத்த தோள் அது. சட்டைக்குள் எலும்பு மட்டும்தான் தெரிந்தது.

"ஒருக்கா வந்திட்டுப் போவன்ரா தாசன்," என்றார் அண்ணை.

"வாறன் அண்ணை. ஒரு கந்தோரிலை கேட்டிட்டு வரவேணும்."

"என்ன கந்தோர்? வேலைதானே இல்லை எண்டாய்."

"வேலை இல்லாததுக்குத்தான் அண்ணை கந்தோர்."

"வேலை செய்யேக்கை ஆரைக் கேட்டனி?"

"முதலாளியை."

"அந்தாள் விட்டவரே?"

"கேட்ட உடனை விட்டவர்."

"அப்ப வேலை செய்யிறது சுகமாக் கிடக்கு," என்றார்.

ரிக்கெட் போடுகிறேன் என்று மெலனி சொன்னாள். அவளிடம் காசு இருந்தது. எனக்கு வேண்டியது அனுமதி ஒன்றுதான். அவளே கொம்பியூட்டரில் எழுதிக் கேட்டாள்: அண்ணன் கடும் வருத்தம், இலங்கைக்குப் போய்வர விடுங்கள். இரண்டு நாளில் பதில் வந்தது: உங்கள் செய்தி கிடைத்தது, கையாளப்படுகிறது.

அந்தக் 'கையாளப்படுகிறது' என்ற சொல்லை நான் அந்த மாரி முழுக்கப் பார்த்தேன்.

3

இந்த இடத்தில் மீன் கதையைச் சொல்லவேண்டும். காசு நின்றது அதனால்தான்.

எங்கள் கரையில் ஒரு வழமை இருக்கிறதல்லவா. வள்ளம் கரைக்கு வரும்போது யார் நின்றாலும் கைகொடுப்பான். தள்ளுவான், இழுப்பான், வலையில் மீன் கழற்றுவான். யாரும் கூப்பிடத் தேவையில்லை. போகும்போது அவன் கையில் கறிக்கு மீன் கொடுத்துவிடுவார்கள். ஒட்டியோ, ஓராவோ, அன்றைக்குக் கிடைத்தது. அது கூலி இல்லை. கூலி என்று சொன்னால் கொடுத்தவனுக்கும் கோபம் வரும், வாங்கினவனுக்கும் கோபம் வரும். கைகொடுத்தவனை வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த நாள் வலை வெறுமையாக வரும் என்று என்னைப் பெற்ற ஐயா சொல்லுவார். கரையில் சும்மா நிற்கிற பொடியனுக்கும் ஒன்று கிடைக்கும். ஆனால் கையை நனைக்காதவன் வாங்கமாட்டான். அதுதான் மரியாதை.

இங்கே ஊலாவ் என்று ஒரு கிழவன் இருக்கிறார். என்னிலும் பத்து வயது கூட இருக்கும். தனியாக ஒரு சின்னப் படகில் போய்வருவார். வேலை நின்ற பிறகு நான் காலையில் துறைமுகப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். வீட்டில் இருந்தால் றீற்றா என் முகத்தைப் பார்ப்பாள், நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். ஒருநாள் ஊலாவ் கயிறு எறிய ஆளில்லாமல் அந்தரப்பட்டார். பிடித்துக் கட்டிக் கொடுத்தேன். பிறகு படகுக்குள் இறங்கி அவரோடு இருந்து வலையில் மீன் கழற்றினேன். கையுறை போடவில்லை. விரல்கள் தாங்களாகவே வேலை செய்தன. பக்ரறியில் செத்த மீனை வெட்டுவது ஒன்று, வலையில் இருந்து மீன் எடுப்பது வேறொன்று. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது.

போகும்போது ஊலாவ் இரண்டு பெரிய வெள்ளை மீனை வாரில் கோர்த்து நீட்டினார். எங்கள் ஐயா கொடுப்பதும் அப்படித்தான், முகத்தைப் பார்க்காமல். றீற்றா அன்றைக்குப் புளி விட்டுக் குழம்பு வைத்தாள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று காலை போனேன்.

அந்தக் கிழமை முடிய கொம்பியூட்டர் கேட்டது: இந்த இரண்டு கிழமையில் வேலை செய்தீர்களா, அல்லது ஏதாவது பெற்றீர்களா?

நான் யோசித்தேன். கை நனைந்தது, மீன் வந்தது. இல்லையென்று போட்டால் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டி வரும். ஓம் என்று அமர்த்தினேன். எத்தனை மணித்தியாலம் என்று கேட்டது. குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டேன். யாரிடம் வேலை என்று கேட்டது. ஊலாவ் என்று எழுதினேன். என்ன பெற்றீர்கள் என்று கேட்டது. மீன் என்று எழுதினேன்.

அன்றைக்கு நின்ற காசு அந்த மாரி முழுக்க வரவில்லை.

மெலனி போனில் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். கோபத்தில் வந்த அழுகை.

"ஏன் அப்பா? நான் சொன்னனான்தானே எல்லாத்துக்கும் 'இல்லை' எண்டு?"

"பிள்ளை, மீன் வாங்கினனான்."

"அது வேலை இல்லை அப்பா."

"வேலை இல்லைத்தான். ஆனா சும்மாவும் வாங்கேல்லை."

அவளுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதென்று தெரியாது. அவள் இங்கே பிறந்தவள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கொம்பியூட்டருக்கும் தெரியாது. ஓமா இல்லையா என்று இரண்டு பெட்டிதான் அதில் இருந்தது.

கந்தோர் ஊலாவிடம் கடிதம் கேட்டது. நான் போய்ச் சொன்னேன். கிழவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நீ எனக்கு வேலை செய்யவில்லை," என்றார்.

"ஓம்."

"நான் உனக்குச் சம்பளம் தரவில்லை."

"ஓம்."

"பிறகு நான் என்னத்தை எழுத?"

உண்மைதான், அவர் என்னத்தை எழுதுவார். எழுதினால் அவருக்கும் கரைச்சல். ஆள் வைத்தார், வரி கட்டவில்லை என்று பிடிப்பார்கள். அதுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் என்னைக் கண்டால் கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். கயிறு கட்ட நான் கிட்டப் போகமாட்டேன்.

4

அதற்குப் பிறகு இரண்டு விஷயமும் ஒன்றாகக் கட்டுப்பட்டுவிட்டன. மீன் விஷயம் தீராமல் அனுமதி விஷயத்தைப் பார்க்கமாட்டார்களாம். கடிதம் வந்தது. ஒரு அலுவலர் உங்களோடு போனில் கதைப்பார், இரண்டு தரம் முயற்சி செய்வோம், இரண்டாம் தரமும் கிடைக்காவிட்டால் உங்கள் விண்ணப்பக் கோவையை மூடுவோம். மூடினால் காசும் போச்சு, அனுமதியும் போச்சு. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அதில் இல்லை. நாங்கள் அந்த நம்பருக்குத் திருப்பி எடுக்கவும் முடியாது. இலக்கம் காட்டாத போன் கோலாக வரும்.

இலக்கம் காட்டாத கோல் என்றால் என் வயது ஆட்களுக்குப் பயம். ஒரு காலத்தில் ஊரில் இருந்து வருகிற கோலுக்கு இலக்கம் விழாது. குண்டு விழுந்தது, ஆள் செத்தது, பொடியனைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் வந்தது. ஐயா செத்ததும் அப்படித்தான் வந்தது. இப்போதும் அந்தத் திரை வெறுமையாக அடிக்கும்போது எடுக்க முதல் ஒருதரம் சிலுவை போட்டுக்கொள்வேன்.

என்ன சொல்லவேண்டும் என்று றீற்றா எனக்குச் சொல்லித்தந்தாள். அவள் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறவள், என்னைவிட மொழி தெரியும். எனக்குத் தெரிந்த நோர்வே மொழியெல்லாம் பக்ரறிக்குள் படித்தது. கத்தி, முள்ளு, கெதியாக, ஐஸ், நாளைக்கு வா. அனுமதி என்ற சொல்லை நான் ஒருநாளும் அங்கே கேட்டதில்லை. சமைக்கிற குசினியில், மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு, சின்ன வயதில் கோயிலில் சின்னக் குறிப்பிடப் புத்தகம் பாடமாக்கியது மாதிரிச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

"என் அண்ணன் வருத்தம். நான் போகவேண்டும். மீன் சம்பளம் இல்லை."

"மீன் எண்டதை முதல்லை சொல்லாதேங்கோ. பயந்துபோவினம்," என்றாள் றீற்றா.

முதலாவது கோல் வந்தபோது நான் அண்ணையோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் சுகம். பாசையூர்ப் பக்கம் யாரோ பெரிய திருக்கை பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் காதுக்குள் டிக் டிக் என்றது. திரையைப் பார்த்தேன், இலக்கம் இல்லை. எந்தப் பொத்தானை அமர்த்தவேண்டும் என்று தேடுவதற்குள் நின்றுவிட்டது.

"என்னடா, சத்தத்தைக் காணேல்லை?"

"கந்தோர்க் கோல் அண்ணை. தவறிப்போச்சு."

"திருப்பி எடுவன்."

"எடுக்கேலாது அண்ணை."

"உதென்ன கோதாரி," என்றார். "அவங்கள் உன்னைக் கூப்பிடலாம், நீ அவங்களைக் கூப்பிடேலாதோ? கடவுளும் உப்பிடித்தான், எண்டாலும் அந்தாளுக்கு மெழுகுதிரியாவது கொளுத்தலாம்."

இருந்த இரண்டில் ஒன்று போய்விட்டது.

5

கந்தோருக்கே நேரில் போனேன். எங்கள் ஊரில் இருந்ததை எப்போதோ மூடிவிட்டார்கள். பஸ் பிடித்து, பெரிய ஊருக்குப் போகவேண்டும். பனி கொட்டி வழி அடைபட்டு நடுவில் கனநேரம் நின்றது. போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பிள்ளை இருந்தாள், மெலனியின் வயதுதான். நல்ல பிள்ளை. கோப்பி ஊற்றித் தந்தாள். என் பெயரை அடித்துப் பார்த்துவிட்டு, உங்கள் விஷயத்தை இங்கே பார்க்க முடியாது, அது வேறு இடத்தில் இருக்கிறது, எல்லாருக்குமான இந்தப் பொது நம்பருக்கு எடுங்கள் என்றாள்.

அவளுக்கு முன்னால் கதிரையில் இருந்துகொண்டே எடுத்தேன். பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் குரல், வரிசையில் உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் என்று சொன்னது. மறுபடி பாட்டு. அவளுக்கும் அந்தப் பாட்டுக் கேட்டது. ஒருதரம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பார்க்காமல் இருந்துவிட்டாள்.

அப்போது எனக்கு ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கடை வரிசை நினைவு வந்தது. நான் சின்னப் பொடியன். பேக்கரிப் பாணுக்கும் மாவுக்கும் சனம் விடிய முதலே போய் நின்ற காலம் அது. ஆட்கள் கல்லும் கூடையும் வைத்து இடம் பிடிப்பார்கள். அண்ணை கடலுக்குப் போகும் வழியில் என்னைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்திவிட்டு, "நீதான் எங்கடை கல்லு, அசையக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் அசையமாட்டேன். முன்னுக்கு நிற்கிற கிழவியின் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பேன். முதுகு ஒரு அடி நகர்ந்தால் நானும் ஒரு அடி. பாண் முடிந்துவிட்டது என்று மனேச்சர் சொன்னால் எல்லாருமாகச் சேர்ந்து அந்தாளைப் பேசுவார்கள். வயிறு காய்ந்தாலும் பேச ஒரு முகம் இருந்தது. கடலால் வந்த அண்ணை ஈரச் சாறத்தோடு நேரே வந்து என்னை வரிசையில் இருந்து எடுப்பார்.

இங்கே முதுகு இல்லை. எனக்கு முன்னால் நிற்கிறவன் யாரென்று தெரியாது. அவனுக்குப் பிள்ளை வருத்தமோ என்னவோ. எனக்குப் பின்னால் யார் என்றும் தெரியாது. கந்தோர் பூட்டும் நேரம் வந்தது. அந்தப் பிள்ளை எழும்பி வந்து, மன்னிக்கவேண்டும், நாங்கள் மூடுகிறோம் என்று மெதுவாகச் சொன்னாள். போனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்து பனிக்குள் நின்றேன். பஸ்ஸுக்குள் ஏறும்போதும் பாட்டுத்தான். மலைக்குள் போனதும் சிக்னல் போய்விட்டது.

6

அதற்குப் பிறகு போனைக் கையை விட்டு வைக்கவில்லை. பொது நம்பருக்குத் திரும்ப எடுத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டாவது கோலும் தவறிவிடும் என்று பயம். குளிக்கும்போது றீற்றா பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாள். அவள் வேலைக்குப் போன நாளில் குளிக்கமாட்டேன். காலையில் போய்ப் பார்க்கத் துறைமுகமும் இல்லை. யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, மடியில் போனை வைத்துக்கொண்டு இருப்பேன். கந்தோர் வேலை நேரமும் ஊரில் அண்ணை விழித்திருக்கிற நேரமும் ஒன்றாகத்தான் விழும். அங்கே மத்தியானம் திரும்பினால் இங்கே காலை. அதனால் அவர் எடுக்கும்போதெல்லாம் நான் திரையையே பார்த்துக்கொண்டு கதைப்பேன். கதைத்துக்கொண்டிருக்கும்போது மற்றது வந்துவிட்டால்?

"அண்ணை, பிறகு எடுக்கிறன், வையுங்கோ."

"என்னடா, இப்பதானே எடுத்தனான்."

"கந்தோர்க் கோல் வரும் அண்ணை. அது வந்தாத்தான் நான் உங்களிட்டை வரலாம்."

"சரி சரி. உன்ரை கந்தோரைப் பார்."

முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகு சிரிக்காமல் சொன்னார். கடைசியில், நான் சொல்ல முதலே, "வைக்கிறன்ரா, வைக்கிறன்" என்று அவரே வைத்தார். அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. நான் பின்னேரத்தில் எடுத்தால் அங்கே அவர் மருந்தில் நித்திரையாக இருப்பார். றெஜிதான் கதைப்பான்.

"அப்பா உங்களைக் கேட்டவர் சித்தப்பா. எப்ப வாறார் எண்டு."

"கெதியிலை வருவன் எண்டு சொல்லு."

"அதைத்தான் சொன்னனான். போன கிழமையும் அதைத்தான் சொன்னனான்."

றீற்றா ஒருநாள் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு சொன்னாள். "இஞ்சரப்பா, விட்டிட்டுப் போங்கோ. கோவையை மூடினால் மூடட்டும். நான் உழைக்கிறன்தானே."

"உன்ரை உழைப்பிலை வாடகை மட்டும்தான் போகும். மிச்சத்துக்கு?"

"மிச்சத்துக்குக் கடவுள் இருக்கிறார்."

"நாளைக்கு வந்தாலும் வரும். இவ்வளவு நாள் இருந்திட்டன், இன்னும் ரெண்டு நாள் பாப்பம்."

இந்த 'இன்னும் ரெண்டு நாள்'தான் என்னைக் கொன்றது. ஒவ்வொரு காலையும் அப்படித்தான் நினைத்தேன். இவ்வளவு காத்திருந்தது வீணாகப் போகக்கூடாது என்று மேலும் காத்திருந்தேன். வரிசையில் கனநேரம் நின்றவனுக்கு விட்டுப்போக மனம் வராது. இன்றைக்கு அந்த நாட்களை நினைத்தால் எனக்குக் கோபம்கூட வருகிறதில்லை. கைகால் விளங்காதவன் மாதிரி ஒரு கதிரையில் இருந்தேன் என்பது மட்டும்தான் நினைவு.

அண்ணை ஒரு விடியற்காலையில் செத்துப்போனார். அதைச் சொன்ன கோலுக்கு இலக்கம் இருந்தது. றெஜியின் பெயர் வடிவாக விழுந்தது.

7

அடுத்த நாள் பின்னேரமே அடக்கம் என்றார்கள். இங்கிருந்து வெளிக்கிட்டால் இரண்டு நாளுக்குக் குறைவாக யாழ்ப்பாணம் போய்ச் சேர முடியாது. இப்பவாவது போங்க அப்பா, அவை என்ன செய்தாலும் பரவாயில்லை என்று மெலனி சொன்னாள். மூடின குழியைப் பார்க்கப் போவதோ என்று கேட்டேன்.

றெஜி வீடியோவில் காட்ட ஒழுங்கு செய்திருந்தான். இங்கே காலை. றீற்றா வேலைக்குப் போகவில்லை. அவளிடம் இருப்பது பொத்தான் அமர்த்துகிற பழைய போன், அதனால் என் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, இரண்டு பேரும் குசினி மேசையில் இருந்து பார்த்தோம். கோயில் பூசை முடிந்தது. பெட்டியைத் தூக்கினார்கள். எங்கள் ஆட்கள் தோள் மாற்றி மாற்றிச் சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு யாரையும் மட்டுப்பிடிக்க முடியவில்லை. எல்லாரும் கிழடாகிவிட்டார்கள், அல்லது நான் வந்த பிறகு பிறந்தவர்கள். வெயில். எல்லாருடைய சட்டையும் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

குழிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தார்கள். சுவாமியார் தண்ணீர் தெளித்தார். கயிறு போட்டு இறக்கத் தொடங்கினார்கள்.

அப்போது போன் அடித்தது. அண்ணையின் பெட்டிக்கு மேலே திரை வெறுமையாக வந்தது. இலக்கம் இல்லை.

றீற்றா என்னைப் பார்த்தாள். "விடுங்கோ," என்றாள்.

"ரெண்டாவது தரமப்பா."

"விடுங்கோ."

அது அடித்துக்கொண்டிருந்தது. நான் ஒருதரம் சிலுவை போட்டேன். எடுத்தேன்.

ஒரு பெண். மெதுவான குரல். பெயர், பிறந்த திகதி கேட்டாள். சொன்னேன். மீனைப் பற்றிக் கேட்டாள். பாடமாக்கியதெல்லாம் மறந்துபோய்விட்டது. அவர் கயிறு எறிந்தார், நான் பிடித்தேன், அவர் மீன் தந்தார், எங்கள் ஊரில் அப்படி என்று சொன்னேன். அவள் சிரித்தாளோ என்னவோ, மூச்சு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இது வேலை இல்லை, மணித்தியாலம் சைபர் என்று போடுகிறேன், சரியா என்று கேட்டாள். சரி என்றேன். அவ்வளவுதான். அந்த மாரி முழுக்கக் கட்டிக்கிடந்த முடிச்சை ஒரு விரலால் அவிழ்த்துவிட்டாள். இலங்கைக்குப் போக ஒரு விண்ணப்பம் இருக்கிறதே, எப்போது போக விருப்பம் என்று கேட்டாள். வேண்டாம், இனித் தேவையில்லை என்றேன். அப்படியானால் அதை எடுத்துவிடுகிறேன் என்றாள். இன்னும் ஏதோ கேட்டாள், விலாசமோ, வங்கியோ. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தி வைத்தாள். இந்த ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவார்கள்.

வீடியோ திரும்ப வந்தபோது குழி மூடியாயிற்று. யாரோ மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தான். சனம் கையில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. றீற்றா எழும்பி மெழுகுதிரியை அணைக்காமல் அறைக்குள் போனாள்.

பின்னேரம் றெஜி எடுத்தான். அழுது குரல் அடைத்திருந்தது. வந்த சனத்தைச் சொன்னான், சுவாமியாரின் பிரசங்கத்தைச் சொன்னான். பிறகு கேட்டான்.

"சித்தப்பா, எல்லாரும் மண் போடேக்கை, நான் போனை மேலை தூக்கிப் பிடிச்சு, இது சித்தப்பாவின்ரை கை எண்டு சொல்லி ஒருபிடி போட்டனான். பாத்தனீங்களோ?"

றீற்றா அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஓமடா தம்பி," என்றேன். "பாத்தனான்."

"அப்ப சரி சித்தப்பா," என்றான். "அது காணும். அப்பாவுக்கு அது போதும்."